மயிலிட்டியில் எவடம்?

யாழ்ப்பாணத்தில், அரியாலையில் இருந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் முதல்முறை போனது ஒரு ஃபிரிட்ஜ் திருத்துவதற்காக. பையை விறாந்தையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"கொக்குவில், அன்ரி."

"கொக்குவிலிலை இப்ப இருக்கிறீரோ, சொந்த இடமே அதுதானோ?"

"இருக்கிறம். வாடகை வீடு."

"அப்ப சொந்த இடம்?"

"அப்பான்ரை ஊர் மயிலிட்டி."

"மயிலிட்டியிலை எவடம்?"

"துறைமுகத்தடி."

"ஓ," என்றார்.

தேடிய சாமான் கைக்கு அகப்பட்ட பிறகு அலுமாரிக் கதவைச் சாத்துவார்களே, அப்படி ஒரு சத்தம் அது. அதற்குப் பிறகு என்னைப் பற்றி அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த வேலையை எங்கே பழகினேன், கலியாணம் கட்டிவிட்டேனா, பிள்ளைகள் உண்டா, ஒன்றுமில்லை. தேவையானது கிடைத்துவிட்டது.

உண்மையில் நான் மயிலிட்டியில் பிறக்கவே இல்லை. சண்டையில் ஊர்ச் சனம் முழுவதும் எழும்பி ஓடிய பிறகு முகாமில் பிறந்தவன். திரும்பிப் போகலாம் என்று ஆமி விட்டபோது எனக்கு மீசை முளைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய், பற்றைக்குள் நின்று, "இதிலைதான் குசினி, இதிலைதான் வலை போடுற கொட்டில்" என்று வெறும் நிலத்தைக் காட்டினார். நான் வாழ்ந்தே இராத அந்த ஊரைக்கொண்டு அந்த அம்மா என்னை ஒரு நிமிடத்தில் அளந்து முடித்துவிட்டார்.

சாதி என்ற சொல்லை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது மரியாதையில்லாத சொல் என்பது அவருடைய எண்ணம். ஊரைக் கேட்பார். ஊரில் எவடம் என்று கேட்பார். கோயிலடியா, சந்தியடியா, கடற்கரையா என்பது தெரிந்தால் ஆள் என்ன சாதி என்று அவருக்கு விளங்கிவிடும். யாராவது முகம் கோணினால், "கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவியள்?" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வசனத்தைச் சொல்லியிருப்பாரோ தெரியாது.

அப்போது அவருக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமயிர், கணுக்கால் வரை ஹவுஸ்கோட், வீட்டுக்குள்ளும் செருப்பு. ஜேர்மனியில் முப்பது வருடம் இருந்துவிட்டு, புருசன் செத்த பிறகு தனியாக ஊருக்கு வந்து, தகப்பனின் காணியில் பெரிய வீடு கட்டியிருந்தார். ஜேர்மனியில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. எழும்ப முடியாத கிழவர்களைக் குளிப்பாட்டித் துடைத்து உடுப்பு மாற்றுகிற வேலை. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை; பெருமையாகவே சொல்வார். இந்த வெக்கையிலும் எந்நேரமும் மடியில் கம்பளி நூலும் ஊசியுமாகச் சின்னச் சின்னச் சுவெற்றர் பின்னிக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் பவளக்கா வருவார். ஐம்பது வயதைக் கடந்தவர், மெலிந்த ஆள், பக்கத்து ஒழுங்கையில் வீடு. அம்மா அவரைப் "பவளம்" என்றும் "நீ" என்றும் சொல்வார். பவளக்கா தேத்தண்ணி குடிப்பது கிணற்றடியில் ஒரு சில்வர் பேணியில். அந்தப் பேணி வீட்டுக்குள் வருவதில்லை.

எனக்குத் தேத்தண்ணி கப்பில் வந்தது. நீலக் கரை போட்ட வெள்ளைக் கப், ஜேர்மனியிலிருந்து வந்த செற். என்னுடைய கப்பின் பிடியில் மட்டும் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று முடிந்திருந்தது. வீட்டில் யாருக்கோ சீனி வருத்தம், சீனி போடாத கப்பை அடையாளம் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு உடுப்புத் தோய்க்கிற மெசின் திருத்தப் போனேன், அதே நூல். கிணற்று மோட்டார் திருத்தப் போனேன், அதே நூல். தேத்தண்ணியில் சீனி வேண்டிய அளவு இருந்தது. நான் அதற்கு மேலே யோசிக்கவில்லை.

அவரிடம் நல்ல குணம் இல்லையென்று சொன்னால் அது பொய். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் ஒவ்வொன்றாய் மணந்து பார்த்துத் தெரிந்தெடுத்து, ஒரு பை நிறையக் கட்டித் தருவார். என் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த நேரம் நான் வேலைக்கு வர முடியாது என்று போனில் சொன்னதும், மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எப்படி ஈரத்துணியால் துடைப்பது, எத்தனை தரம் தண்ணீர் பருக்குவது என்று அரை மணித்தியாலம் கதைத்தார். அன்று மனைவி, "நல்ல மனுசியப்பா" என்றாள். நானும் ஓம் என்றேன்.

ஆனால் கேள்வி நிற்கவில்லை. மின்சார மீற்றர் பார்க்க வருகிற பெடியன் அவரைக் கண்டால் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு ஓடிவிடுவான். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையில் ஊசி ஏற்ற வந்த நேர்ஸிடம், "பிள்ளை எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் துணைக்கு இருந்த பவளக்காதான் இதை எனக்குச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை வவுனியா எண்டிச்சுது. வவுனியாவிலை எவடம் எண்டு இவ விடுறா இல்லை. 'அம்மா, கையை ஆட்டாதையுங்கோ, நரம்பு பிடிபடுதில்லை' எண்டு அது கத்துது. எனக்கு நிலத்துக்குள்ளை போகலாம் போலை கிடந்துது தம்பி."

அந்த அம்மாவுடைய தம்பியின் மகன் ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான். இந்த மாமியில் அவனுக்கு நல்ல வாரப்பாடு. தான் கட்டப்போகிற பெண்ணை முதலில் மாமிக்குத்தான் காட்டவேண்டும் என்று அரியாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இறாலும் நண்டும் சமைத்து மேசை நிறையப் பரப்பினார். சாப்பாட்டுக்கு நடுவில் கேள்வி தொடங்கியது. அந்தப் பிள்ளை ஒளிக்கத் தெரியாமல் எல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் காலை மூன்று நாட்டுக்குப் போன் பறந்தது. கலியாணம் நிற்கவில்லை, ஆனால் பெண்ணின் தாய் தகப்பன் கேட்கக்கூடாத கதையெல்லாம் கேட்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெடியன் மாமியோடு கதைப்பதில்லை.

"இப்ப அவைக்கு ஒரு குழந்தை," என்றார் பவளக்கா. "இந்தச் சுவெற்றர் எல்லாம் அதுக்குத்தான் பின்னுறா. அனுப்புறேல்லை. அறை அலுமாரி நிறையக் கிடக்கு."

இதைக் கேட்டபோது எனக்கு அவரில் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் பாத்திரம் கழுவுகிற மெசின் நின்ற நாளோடு போயிற்று.

அந்த மெசினும் ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்ததுதான். எங்கள் பக்கத்தில் டிஷ்வோஷர் வைத்திருக்கிற வீடு அப்போது குறைவு. அதைத் திருத்துகிறவர்கள் அதைவிடக் குறைவு. காலையிலேயே போன் எடுத்தார்.

"தம்பி, மெசினுக்கை தண்ணி அப்பிடியே நிக்குது. போகுதில்லை. உறுமிப்போட்டு நிக்குது. நாலு நாளாச்சு, மணக்கத் துவங்கிட்டுது. கெதியா வாரும்."

போய்ப் பார்த்தேன். அடித்தட்டுக்கு மேல் கறுப்புத் தண்ணீர், அதில் எண்ணெய்ப் படை. உறுமுகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, சுற்றத்தான் முடியவில்லை. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் இறுகியிருக்க வேண்டும். கரண்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். பவளக்கா வாளியைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வெளியே கொட்டினார். அவர் அன்று வழமைபோலக் கதைக்கவில்லை.

வடிகட்டியைக் கழற்றி, பம்பின் வாய் இருக்கும் குழிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். சுருக்கென்றது. கையை எடுத்தால் சுட்டுவிரல் நுனி பிளந்து இரத்தம் வழிகிறது. உடைந்த கிளாஸ் துண்டு ஒன்று உள்ளே கிடந்திருக்கிறது.

அம்மா கம்பளி நூலைப் போட்டுவிட்டு எழும்பி வந்தார். "கையைக் காட்டும். மற்றக் கையாலை பொத்தாதையும், ஊத்தைத் தண்ணி." என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவினார். வெளிச்சத்தில் பிடித்து, பிளவை விரித்து, கிளாஸ் துகள் இருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மருந்து பூசி, துணி சுற்றி, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் கட்டினார். அவருடைய விரலிலும் ஹவுஸ்கோட்டிலும் என் இரத்தம். அதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யும்," என்றார்.

தேத்தண்ணி கடதாசிக் கப்பில் வந்தது. நான் அதைப் பார்த்ததைக் கண்டுவிட்டு அவரே சொன்னார்:

"உம்மடை கப்பைப் பவளம் உடைச்சுப்போட்டாள் தம்பி."

எனக்கென்று அந்த வீட்டில் ஒரு கப் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். சொன்னால் வெட்கம், ஒரு கணம் எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. பவளக்கா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கிளாஸ் துண்டை எடுத்த பிறகும் பம்பின் சின்ன விசிறி அசையவில்லை. மெசினைச் சரித்துக் கீழ்ப்பக்கத்தால் பம்பைக் கழற்றி எடுத்தேன். நிலத்தில் பேப்பர் விரித்து, ஒவ்வொரு துண்டாக வைத்தேன். அரியாலைக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, ஆனால் அது விசிறியை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. விசிறிக்குப் பின்னால், அச்சில், ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. குறட்டால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சுற்றுச் சுற்றாக வந்தது. அழுக்கு ஏறியிருந்தாலும் நிறம் தெரிந்தது.

சிவப்புக் கம்பளி நூல்.

விசிறியை விரலால் தட்டினேன். சுழன்றது. வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் நூலைத் தூக்கிப் பிடித்து, "இந்தாங்கோ, இதுதான் வருத்தம்," என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிய முதல் பவளக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அது சீனிக்குக் கட்டிய நூல் இல்லை.

"துணியிலை இருந்து வந்திருக்கும், அன்ரி," என்றேன் அவசரமாக.

"இஞ்சை தாரும்."

வாங்கிக் குழாயில் கழுவிப் பார்த்தார். "இது என்ரை நூல்." நூலைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடி அலுமாரியடிக்குப் போனார். கப்புகளைத் தொடாமல் விரலால் எண்ணினார். "எட்டு," என்றார். திரும்பினார். "உடைஞ்சதெண்டால் ஏழெல்லோ இருக்கோணும், பவளம்?"

பவளக்கா மெசினைப் பார்த்தார்.

"மெசினுக்கை போட்டனியோ?"

"ஓம் அம்மா."

"எத்தினை தரம்?"

"மெசின் வந்த நாளிலையிருந்து."

"ரெண்டு வருசமாவோ?"

"ஓம். நூலைக் கழட்டி வைச்சிட்டுப் போடுறனான். அண்டைக்குக் கழட்ட மறந்துபோனன். நீங்கள் கப் எங்கை எண்டு கேட்டோடனை பயத்திலை உடைஞ்சதெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் போட்டனி? அதைப் புறம்பாக் கழுவு எண்டு நான் சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீங்கள். எனக்குக் கை மூட்டு நோகுதம்மா. எல்லாத்துக்கும் மெசின் இருக்கேக்கை ஒரு கப்பை மட்டும் ஏன் கையாலை கழுவுவான் எண்டு போட்டனான்."

அம்மாவின் குரல் இறங்கியது. "கழுவின பிறகு அதே கப்பிலைதானே நூலைக் கட்டினனி?"

பவளக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைப்பதற்கு அவ்வளவு ஈரம் இல்லை.

"எட்டும் ஒரேமாதிரித்தானே அம்மா. எது எண்டு ஆர் பாக்கிறது. கையிலை வந்ததிலை கட்டுவன்."

அம்மா கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார். அலுமாரிக்குள் நீலக் கரை போட்ட எட்டுக் கப்புகள் வரிசையாக இருந்தன. இரண்டு வருடம். நான் குடித்தது, தேங்காய் பிடுங்க வந்தவன் குடித்தது, மதில் கட்ட வந்த மேசன்மார் குடித்தது எல்லாம் சுற்றிச் சுற்றி அவருடைய வாய்க்கும் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க நான் முயலவில்லை. பலமாகவே சிரித்தேன்.

"சிரியாதையும்!" என்றார்.

"அந்த நூல் எனக்குத்தானே கட்டினது, அன்ரி?"

"உமக்கெண்டு இல்லை. வெளியாக்களுக்கு."

"நான் கிணத்து மோட்டார் திருத்தின அண்டைக்கு உங்கடை சிநேகிதி வந்திருந்தவ. அவவும் வெளியாள்தானே? அவவுக்கு நூல் கட்டேல்லையே."

"தம்பி, உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நல்ல பெடியன் நீர். நான் ஆரிலையும் அருவருப்புப் பாக்கிறவள் இல்லை. வெள்ளைக்காரக் கிழடுகளின்ரை பீ மூத்திரம் அள்ளினனான். இப்ப உம்மடை ரத்தத்தைத் துடைச்சனான். பாத்தனீர்தானே? இது வேறை."

"என்ன வேறை?"

"வேறை எண்டா வேறை."

அவ்வளவுதான். என் இரத்தம் அவருக்குப் பரவாயில்லை, என் வாய்தான் ஆகாது. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கோபமாக ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிறகு அவர் பவளக்கா பக்கம் திரும்பினார். "நீ போ. இனி இந்த வீட்டு வாசலுக்கு வராதை."

"அம்மா..."

"ரெண்டு வருசமா எனக்குப் பொய் சொன்னனி. வெளியாலை போ."

பவளக்கா அழவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தன்னுடைய பேணியை எடுத்துப் பைக்குள் வைத்தார். கீழே பார்த்தேன். பேப்பரில் பம்ப் துண்டு துண்டாகக் கிடந்தது. பூட்டினால் பத்து நிமிட வேலை.

"அன்ரி, பவளக்கா நிண்டால் நான் இதைப் பூட்டித் தாறன். அவ போனால் நானும் போறன்."

"என்னை வெருட்டுறீரோ?"

"வெருட்டேல்லை. சொல்லுறன்."

அவர் மெசினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த மெசினில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் எனக்கு அதை ஒரு குழந்தையைக் காட்டுவதுபோல் திறந்து காட்டியவர். விட்டுக்கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப போம்," என்றார்.

குறட்டையும் திருப்புளியையும் பைக்குள் போட்டேன். சரித்த மெசினை நிமிர்த்தக்கூட இல்லை. கடதாசிக் கப்பில் பாதித் தேத்தண்ணி இருந்தது. அதை அப்படியே அவருக்கு முன்னால், மேசையில், அலுமாரிக்கு நேரே வைத்துவிட்டு வந்தேன். இதைச் செய்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

பவளக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஒழுங்கை முகப்பில் இறக்கினேன். "நல்லாச் செய்தீங்கள் அக்கா," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீர் நாளைக்கு வேறை வீட்டை போய் வேறை மெசின் திருத்துவீர் தம்பி. நான் எங்கை போறது?" என்றார்.

தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொல்லி, அங்கே வெங்காயம் உரிக்கவும் சட்டி கழுவவும் அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பெரிய சட்டி தூக்க அவருடைய கை மூட்டு இடம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் சந்தையில் கண்டபோது, திரும்ப அந்த வீட்டுக்கே போகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்னக்கா, வெக்கமில்லையோ? நாயைத் துரத்திற மாதிரித் துரத்தினவ."

"அவவே வந்து படலையிலை நிண்டு கூப்பிட்டவ. மன்னிப்பு ஒண்டும் கேக்கேல்லை. 'வா, முத்தம் கூட்டாமல் கிடக்கு' எண்டா. அவவுக்கும் ஆர் இருக்கினம், சொல்லும்? எனக்கும் ஆர் வேலை தாறது?"

"இப்பவும் கிணத்தடியிலைதானோ குடிக்கிறியள்?"

"ஓம். ஆனா அவவும் இப்ப கப்பிலை குடிக்கிறேல்லை தம்பி." பவளக்கா குரலைத் தாழ்த்தினார். "எட்டுக் கப்பும் அலுமாரிக்குள்ளை அப்பிடியே பூட்டிக் கிடக்கு. எறியவும் மனமில்லை, குடிக்கவும் மனமில்லை. ஜேர்மன் சாமானெல்லே. இப்ப அவவும் கடதாசிக் கப்பிலைதான் குடிக்கிறா. காலமை, பின்னேரம், எல்லாம் கடதாசிதான். சூட்டுக்கு நெளியுது, ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு குடிக்கிறா."

"மெசின்?"

"அதுக்குள்ளை வெங்காயம் போட்டு வைச்சிருக்கிறம். காத்துப் படுது, பழுதாகுதில்லை."

சொல்லிவிட்டுப் பவளக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அன்று குசினியில் சிரித்த சிரிப்பு வரவில்லை. இரண்டு கையாலும் கடதாசிக் கப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய வீட்டில் தனிய இருக்கிற ஆளை நினைத்தால் யாருக்கும் மனம் இளகத்தான் செய்யும். எனக்கு இளகவில்லை. இளகவேண்டும் என்று நானும் ஒன்றிரண்டு தரம் முயன்று பார்த்தேன்.

கடைசியாக நான் அவரைக் கண்டது மழை விட்ட ஒரு பின்னேரம். அரியாலையில் வேறொரு வீட்டில் வேலை முடித்து அந்த வழியால் வந்தேன். கேற்றடியில் நின்றார். முன்பைவிட மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டார். போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் வயதான மனுசி தெருவில் நின்று கூப்பிடும்போது போவதற்கு மனம் வரவில்லை. எஞ்சினை நிற்பாட்டினேன்.

கிட்ட வந்து, மோட்டார் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் பகை எதுவும் இருக்கவில்லை. ஏதோ பெரிய சிக்கலுக்கு வழி கண்டுபிடித்துவிட்டவர்போல ஒரு வெளிச்சம் இருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று அவசரமாக யோசித்தேன்.

"நான் உம்மைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றார். "உம்மட்டைக் கேக்க மறந்துபோனன். உம்மடை அம்மான்ரை பகுதி எவடம்?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவர் என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்டார். தகப்பன் வழியில் சரிவராத ஒன்று தாய் வழியிலாவது சரிவருமா என்று இத்தனை மாதமாக யோசித்திருக்கிறார். சரிவந்தால் அந்த அலுமாரியைத் திறக்கலாம், கப்பை எடுக்கலாம், என்னை மேசையில் இருத்தித் தேத்தண்ணி தரலாம், பம்பையும் பூட்டுவிக்கலாம். அவரால் எனக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான்.

"மயிலிட்டிதான், அன்ரி," என்றேன். "அதுகும் துறைமுகத்தடிதான்."

அவர் கைப்பிடியை விடவில்லை. நெற்றியைச் சுருக்கி, என்னை விட்டுவிட மனமில்லாதவர்போல யோசித்தார்.

"அப்ப அம்மம்மா?" என்றார்.

நான் அவருடைய கையை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.